இன்னொருத்தர் தாகம்

குற்றாலிங்கத்தின் வயிற்றில் ஓடிக்கொண்டிருந்த கிட்னி அவர் பிறக்கும்போது கொண்டுவந்தது அல்ல. கொண்டுவந்த இரண்டையும் அவரே தின்று தீர்த்துவிட்டார் என்பது அவர் மனைவி உலகாம்பாளின் தீர்ப்பு. அதில் பொய் ஒன்றும் இல்லை. திருநெல்வேலி–தென்காசி தடத்தில் அரசு பஸ் ஓட்டிய காலத்தில், வழியில் ஒதுங்க நேரம் கிடைக்காது என்று மனிதர் தண்ணீரே குடிக்க மாட்டார். சாயங்காலம் இடுப்பு வலிக்கும். மெடிக்கலில் போய் நின்றால் கேள்வி கேட்காமல் வலி மாத்திரை கொடுப்பார்கள். கடலை மிட்டாய் மாதிரி அதை வாயில் போட்டுக்கொண்டு அடுத்த டிரிப்பை எடுப்பார். அவர் ஓய்வு பெற்ற அன்று டெப்போவில் மாலை போட்டார்கள். கிட்னிகள் இரண்டும் அதற்கு முன்பே ஓய்வு பெற்றிருந்தன.

அப்புறம் வாரம் மூன்று தரம் டயாலிசிஸ். ஊசி குத்திக் குத்தி இடது கை கருவாடாகிப் போயிற்று. சில வருஷம் அப்படிக் கிடந்தவருக்குத்தான் அரசாங்கத் திட்டத்தில் செயற்கைக் கிட்னி கிடைத்தது. சோப்புக் கட்டி அளவுதான். வலது அடிவயிற்றில் வைத்துத் தைத்தார்கள். புதுசு இல்லை. இருப்பவை கொஞ்சம், காத்திருப்பவர்கள் லட்சக்கணக்கில் என்பதால், ஒருவர் காலமானால் அவரிடமிருந்து எடுத்துச் சுத்தம் செய்து அடுத்தவருக்கு வைப்பது அப்போது வழக்கமாகியிருந்தது. முதலில் யாருக்குள் இருந்தது என்று சொல்ல மாட்டார்கள். சட்டம் அப்படி.

அந்தச் சோப்புக் கட்டிக்கு அறிவு உண்டு என்று டாக்டர் ஜெசிந்தா முதல் நாளே சொல்லியிருந்தார். முதல் உடம்பில் இருக்கும் காலமெல்லாம் அது பழகும். எப்போது சாப்பாடு வரும், எப்போது தண்ணீர் வரும், எப்போது தூக்கம் என்று பார்த்து வைத்துக்கொண்டு, வேலையை அதற்கேற்றபடி கூட்டும், குறைக்கும். தண்ணீர் வேண்டிய நேரத்தில் தாகத்தையும் அதுவே எழுப்பும். அந்த உடம்பு போவதோடு அதன் படிப்பு முடிந்தது. பிறகு எந்த உடம்புக்குப் போனாலும் கடைசியாகப் பார்த்த வருஷத்தையே திரும்பத் திரும்ப ஓட்டும். வருஷம் என்றால் காலண்டர் வருஷம் இல்லை, முதல் உடம்பின் பழக்கம் எத்தனை நாளுக்கு ஒரு தரம் திரும்பியதோ அதுதான் அதற்கு வருஷம். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். இது சுடுகாட்டையும் தாண்டி வந்த பழக்கம்.

குற்றாலிங்கம் இதற்கெல்லாம் கவலைப்படவில்லை. தினமும் காலையில் அடிவயிற்றைத் தடவிக்கொண்டு, "நல்லா இருக்கணும் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுத்தான் பல் தேய்க்கப் போவார். உள்ளே இருந்த ஆளைத் தன்னைவிட மூத்தவர், பொறுமைசாலி, வெற்றிலை போடுகிறவர் என்று அவராகவே தீர்மானித்திருந்தார். முகம் தெரியாத மனிதருக்கு நன்றி சொல்வது கஷ்டம். முகம் ஒன்றைச் செய்து வைத்துக்கொண்டால் சுலபமாக இருந்தது.

முதல் வருஷம் கத்திரி வெயிலில் கிரியேட்டினின் ஏறியது. ஒன்றுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டியது மூன்றைத் தாண்டிவிட்டது. எண்ணைக் காட்டுவதற்காக ஆஸ்பத்திரியில் மணிக்கட்டில் கட்டிவிட்டிருந்த பட்டை காலையிலேயே சிவப்பாகி ஆஸ்பத்திரிக்கும் செய்தி சொல்லிவிட்டது. "இந்தச் சனியன் பிடிச்ச கிரியேட்டினின்" என்று அவர் திட்டினார்.

"உங்க பஸ்ல இன்ஜின் சூடாகி மீட்டர் முள் ஏறினா முள்ளையா திட்டுவீங்க?" என்று கேட்டார் ஜெசிந்தா. "சதை வேலை செய்யச் செய்ய ஒரு கழிவு வரும். அதுதான் கிரியேட்டினின். எல்லார் உடம்புலயும் வரும். கிட்னி அதை அள்ளி வெளியே போடும். அள்ளலைன்னா ரத்தத்துல தங்கும். அது நோய் இல்ல, உள்ளே வேலை நடக்கலைங்கற தகவல். சில பேருக்கு நிறையக் கறி தின்னாலும் ஏறும், தண்ணி குறைஞ்சாலும் ஏறும். உங்களுக்கு ஏன்னுதான் பாக்கணும்."

வெயில்தான் காரணம் என்று முடிவாயிற்று. பகலில் நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், பொழுது சாய்ந்தபின் கிட்னிக்கு ஓய்வு, நாக்கை நனைக்க மட்டும்தான் என்று உத்தரவு. அதில்தான் அவர் படாத பாடு பட்டார். பகலில் தாகமே எடுக்காது, மருந்து மாதிரி விழுங்குவார். பொழுது சாய்ந்ததும் நெஞ்சு காய்ந்து ஒரு தாகம் வரும், தாமிரபரணியையே குடித்துவிடலாம் போல. ஒரு மாசம் இப்படி இழுத்து, நடுவில் ஒரு வாரம் இறங்கி, மறுபடி ஏறி, தானாகவே அடங்கியது. தன் வைத்தியம்தான் கேட்டது என்று டாக்டர் நினைத்தார். அடுத்த வருஷம் கத்திரி பிறப்பதற்கு முன்பே ஏறியது. மூன்றாம் வருஷம் சித்திரை பிறக்கக்கூட இல்லை, அதற்குள் பட்டை சிவந்துவிட்டது.

உலகாம்பாளுக்கு வெயில் கதையில் நம்பிக்கை இல்லை. சூடு கண்டவள் அவள். புருஷன் திருட்டுத்தனமாக மறுபடி வலி மாத்திரை போடுகிறார் என்று உறுதியாக நம்பினாள். அதற்கு அவளிடம் சாட்சியும் இருந்தது. அந்த ஒரு மாசம் போக, அதற்குப் பிந்திய மாசங்களிலும் எப்போதாவது ஒரு நாள் மட்டும் எண் ஏறி மறுநாள் இறங்கும். ஒரு மாத்திரை போட்டால் அப்படித்தானே இருக்கும்? சட்டைப் பையைத் துழாவினாள். தெருவில் உள்ள இரண்டு மெடிக்கலிலும் போய், இந்த முகத்துக்கு எதுவும் கொடுக்காதீர்கள் என்று போட்டோவைக் காட்டினாள். அவர் அம்மன்மேல் ஆணை என்று சொல்லிப் பார்த்தார். பஸ் ஓட்டிய காலத்திலும் அப்படித்தான் சொன்னீர்கள் என்றாள். செய்த காலத்தில் நம்பினாள், செய்யாத காலத்தில் நம்பவில்லை. அவர் யாரைக் குறை சொல்வது?

மூன்றாம் தடவை ஏறியபோது ஜெசிந்தா பேச்சைச் சுற்றி வளைக்கவில்லை. கிட்னிக்குள் இருக்கும் பழக்கத்தை எல்லாம் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும், வேறு வழியில்லை என்றார். அழித்தால் சில கிட்னிகள் திரும்ப எழுந்திருக்காது. எழாவிட்டால் எடுத்துவிட வேண்டியதுதான், பழையபடி டயாலிசிஸ், பழையபடி வரிசை. குற்றாலிங்கத்தின் வயசுக்கு அந்த வரிசை நகர்வதற்குள் ஆள் நகர்ந்துவிடுவார். திங்கட்கிழமை என்று நாள் குறித்தார்கள்.

அதற்கு முன்னால் காஜா மைதீனைப் பார்த்துவிட்டு வர வேண்டும் என்று தோன்றியது. காஜா அவருடைய பஸ்ஸில் பல வருஷம் கண்டக்டர். மேலப்பாளையத்தில் வீடு. வருஷாவருஷம் நோன்புப் பெருநாளைக்குப் பிரியாணி கொண்டுவருவார். கிட்னி வைத்த பிறகு வந்த இரண்டு பெருநாளும் அது கைக்கு எட்டியும் வாய்க்கு எட்டவில்லை. ஒவ்வொரு தடவையும் குற்றாலிங்கம் பத்தியச் சாப்பாட்டில் கிடப்பார், உலகாம்பாள்தான் சாப்பிட்டுவிட்டு ருசி சொல்வாள்.

புருஷனும் பெண்சாதியுமாகப் போனார்கள். நோன்பு மாசம். காஜாவும் அவர் மனைவி சபுராவும் பேரீச்சம்பழம், கஞ்சி, வடை எல்லாம் எடுத்து வைத்துவிட்டுப் பாங்குக்காகக் காத்திருந்தார்கள். தண்ணீர் டம்ளர்கள் வரிசையாக இருந்தன. திங்கட்கிழமை விஷயத்தைக் குற்றாலிங்கம் சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லச் சொல்ல நாக்கு ஒட்டியது. வழக்கமான அந்தத் தாகம். பள்ளிவாசலில் பாங்கு ஒலித்தது. காஜாவின் கை டம்ளருக்குப் போன அதே நேரத்தில் குற்றாலிங்கத்தின் கையும் போயிற்று. உத்தரவை மறந்து ஒரே மூச்சில் குடித்து முடித்தார்.

"என்னவே, நோன்பு பிடிச்ச நானே மெதுவா குடிக்கேன்" என்று சிரித்தார் காஜா. "நீரு சஹருக்கு எந்திரிச்ச ஆளு மாதிரில்லா குடிக்கீரு."

குற்றாலிங்கம் சிரிக்கவில்லை. நோன்புக்கு முன் எழுந்து சாப்பிடும் அந்தச் சஹர் எத்தனை மணிக்கு என்று கேட்டார். காஜா சொன்னார். விடிவதற்கு முந்திய அந்த நேரத்தில்தான் மூன்று வருஷமாக, எண் ஏறும் நாட்களில், அவர் தாகமெடுத்து விழித்து, சத்தம் காட்டாமல் கூரையைப் பார்த்துக் கிடப்பது. போன வருஷம் நோன்பு எப்போது பிறந்தது என்று கேட்டார். வருஷத்துக்குப் பத்து நாள்போல முன்னால் வரும், பிறைக் கணக்கு அப்படி என்றார் காஜா. பிரியாணி வந்த அன்றெல்லாம் தான் படுத்துக் கிடந்ததும், பிரியாணி வந்த மறுநாளே உடம்பு தேறியதும் குற்றாலிங்கத்துக்கு ஒவ்வொன்றாக நினைவு வந்தது.

"காஜா, உள்ள இருக்கிறவரு நோன்பு பிடிக்காருவே" என்றார்.

மறுநாள் ஜெசிந்தா முன்னால் இதைச் சொன்னபோது அவர் முதலில் சிரித்தார். பிறகு பழைய எண்களை வரிசையாகப் போட்டுப் பார்த்தார். பிறகு சிரிக்கவில்லை. அந்த மாசம் முழுவதும் கிட்னி பகலில் தண்ணீர் வராது என்று சுருண்டு படுத்திருக்கிறது. இரவில் எழுந்து வேலைக்குத் தயாராக நிற்கிறது. இவர்களோ பகலில் தண்ணீரை ஊற்றிவிட்டு இரவில் நிறுத்தியிருக்கிறார்கள். ஒரே வீட்டில் பகல் ஷிப்டும் இரவு ஷிப்டுமாக இருவர் குடியிருந்தால் சமையல் எப்படி நடக்கும்?

"அப்ப நானும் நோன்பு இருந்துட்டா?" என்றார் குற்றாலிங்கம்.

"சொந்தக் கிட்னி கெட்ட ஒருத்தர் இப்படிக் கேட்டா ரூமை விட்டு வெளியே அனுப்பியிருப்பேன். தண்ணி இல்லாம இருக்கறது அவங்களுக்கு விஷம்" என்றார் ஜெசிந்தா. திரையில் இருந்த எண்களை மறுபடி ஒரு தரம் ஓட்டிப் பார்த்தார். இது வேறு மாதிரி என்பதால் ஒரு தடவை பார்க்கலாம் என்றும், எண் இறங்கி வந்து மறுபடி ஏறினால் அன்றைக்கே அழித்துவிடுவேன் என்றும் சொல்லி அனுப்பினார்.

உலகாம்பாள் விடிவதற்கு முன் எழுந்து சோறு வடித்தாள். மாத்திரை சந்தேகம் அவளுக்கு இன்னும் முழுதாகப் போகவில்லை. ஆனாலும் எழுந்தாள். குற்றாலிங்கம் சாப்பிட்டு, வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டுப் பாங்குச் சத்தத்தோடு நிறுத்துவார். பகலெல்லாம் தாகமே இல்லை. பொழுது சாய்ந்ததும் குடிப்பார், இரவெல்லாம் உள்ளே வேலை நடக்கும். மூன்று, இரண்டரை, இரண்டு என்று எண் இறங்கியது. பட்டையின் சிவப்பு மஞ்சளாயிற்று. காலையில் வயிற்றைத் தடவும்போது இப்போது "அண்ணாச்சி" போய் "பாய்" ஆகியிருந்தது. பாயின் தாடியை வெள்ளையாக வைப்பதா, மருதாணி பூசுவதா என்பதுதான் பாக்கி.

பிறகு ஒரு நாள் உச்சிப் பொழுதில் அவருக்குத் தாகமெடுத்தது. சாதாரணத் தாகம் இல்லை. சொன்ன சொல் மாறக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். மறுநாள் காலையில் எண் ஏறியிருந்தது. அதற்கு மறுநாள் இன்னும் ஏறியது. பட்டை மறுபடி சிவந்தது. சாயங்காலத்துக்குள் ஆஸ்பத்திரிக்கு வந்து சேரும்படி ஜெசிந்தா போனில் சொன்னார். நோன்புக் கதையை நம்பி நாலு நாள் வீணாக்கினோம் என்று அவருக்குத் தன்மேலேயே கோபம்.

காஜா ஓடி வந்தார். அவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. பாய் நடுவில் ஏன் நோன்பை விட்டார்? காய்ச்சலாக இருக்குமோ, பிரயாணம் போயிருப்பாரோ என்றார். குற்றாலிங்கம் பையில் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். இந்தத் தடவை போனால் ஊசிக் கையோடுதான் திரும்புவோம் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. முன்னெல்லாம் நடுவில் ஒரு வாரம் இறங்கியதே, இப்போது அதே வாரம்தான் ஏறுகிறது என்று புலம்பினார்.

உலகாம்பாள் அடுக்களையிலிருந்து வந்து நின்றாள். எத்தனை நாள் இறங்கியிருந்தது என்று கேட்டாள். ஆறு நாள் என்றார். எல்லா வருஷமும் ஆறு நாளா என்று கேட்டாள். ஆமாம் என்றார். அவள் காஜாவைப் பார்த்தாள், காஜா தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

"பாயி இல்லைங்க அது" என்றாள் உலகாம்பாள். "பொம்பளைப் பிள்ளை. மாசத்துல அந்த நாளு வந்தா நோன்பு கிடையாது. சபுரா மதினி சொல்லியிருக்கா. அவ தண்ணி குடிச்ச நாளு இது. நீங்களும் குடிங்க."

அவர் குடித்தார். சொம்பு சொம்பாகக் குடித்தார். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது எண் ஏறுவது நின்றிருந்தது. பொறுத்திருந்து பார்க்க ஜெசிந்தா ஒரு நாள் தந்தார். மறுநாள் இறங்கியது. பிந்திய நாட்களிலும் இறங்கியது. அந்த வாரம் முடிந்து பகல் தாகம் நின்றதும் குற்றாலிங்கம் மறுபடி நோன்பு பிடித்தார். பெருநாளன்று எண் ஒன்றுக்குப் பக்கத்தில் சாதுவாக நின்றது. கிட்னி வைத்த பிறகு முதல் தடவையாகக் காஜாவின் பிரியாணி அவர் வாய்க்கு எட்டியது. டாக்டர் சொன்ன அளவுக்குக் கொஞ்சம்தான். அதிலும் கறித்துண்டை உலகாம்பாள் எடுத்துவிட்டாள்.

ஆனால் அவரால் முன்போல் சாப்பிட முடியவில்லை. வெற்றிலை அண்ணாச்சியையும் தாடி பாயையும் இழந்துவிட்டார். மாசாமாசம் அந்த நாள் வருகிற வயசு என்றால் என்ன வயசு? அவர் பிறந்து, பஸ் ஓட்டி, இரண்டு கிட்னியையும் தின்று தீர்த்து, இன்னும் உட்கார்ந்து பிரியாணி சாப்பிடுகிறார். அந்தப் பிள்ளை கிட்னி கெட்டும் நோன்பு பிடித்து, வாழ வேண்டிய வயசில் போய், இதை இவருக்கு விட்டுவிட்டுப் போயிருக்கிறது. டாக்டரிடம் வயசை மட்டுமாவது சொல்லுங்கள் என்று கேட்டார். ஜெசிந்தா சொல்லவில்லை. திரையைப் பார்த்தார், சட்டென்று அதை அவர் கண்ணில் படாதபடி திருப்பி வைத்தார். அதிலேயே அவருக்குப் பதில் கிடைத்துவிட்டது. அன்றைக்கு அவர் வெளியே வந்து, வராந்தாவில் ஆட்கள் பார்க்கப் பார்க்க அழுதார்.

அதன் பிறகு அவர்களுக்கு மிச்சமிருந்தது ஒன்றுதான். எப்போதாவது ஒரு நாள் மட்டும் ஏறி இறங்குகிறதே, அது என்ன? அதைச் சொன்னவர் சபுரா. விட்ட நோன்பை அப்படியே விடுவது கிடையாது, வருஷம் திரும்புவதற்குள் வசதிப்பட்ட நாட்களில் ஒவ்வொன்றாகப் பிடித்துக் கழிக்க வேண்டும், களா நோன்பு என்பார்கள் என்றார். உலகாம்பாள் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மாத்திரை என்று அவள் சண்டை போட்ட நாளெல்லாம் உள்ளே ஒரு பிள்ளை விட்ட நோன்பைக் கழித்துக்கொண்டிருந்திருக்கிறது.

"உங்களைத் திருடன்னு சொல்லிட்டேனே" என்றாள்.

"திருடனா இருந்தவன்தானளா" என்றார் அவர். மெடிக்கல் கடைகளில் காட்டிய போட்டோவை மட்டும் திரும்ப வாங்கிவிடு என்றார்.

இரண்டு பேருமாக உட்கார்ந்து பழைய எண்களைப் பார்த்தார்கள். வருஷத்துக்கு ஒற்றை நாட்கள் நான்குதான் இருந்தன. எத்தனை தடவை பார்த்தாலும் நான்குதான். அவள் விட்டது ஆறு. அதற்குமேல் அந்தப் பிள்ளைக்கு நாள் கிடைக்கவில்லை.

குற்றாலிங்கம் ஜெசிந்தாவிடம் போய் இரண்டு நாள் பட்டினி கிடக்க அனுமதி கேட்டார். கிட்னி அந்த நாட்களில் தண்ணீரை எதிர்பார்த்துக்கொண்டு இருக்கும், ஏன் வீண் வம்பு, கிட்னிக்கு அது தேவையே இல்லை என்றார் டாக்டர். எனக்குத் தேவை என்றார் குற்றாலிங்கம். ஒரே ஒரு நாள், வெயில் இல்லாத மாசத்தில், தன் கண் முன்னால் ஆஸ்பத்திரியிலேயே இருந்தால் சரி என்று கடைசியில் ஜெசிந்தா ஒத்துக்கொண்டார். கார்த்திகையில் ஒரு மழை நாளில் அவர் அப்படியே இருந்தார். தாகம் வாட்டி எடுத்தது. எண் கொஞ்சம் ஏறி மறுநாள் இறங்கியது. டாக்டர் அதைக் குறித்துக்கொண்டு அவரை வீட்டுக்கு அனுப்பினார்.

இன்னொரு நாளுக்காக அவர் டாக்டரிடம் மறுபடி கெஞ்சப் போனபோது உலகாம்பாள் தடுத்துவிட்டாள்.

"உங்க பங்கு முடிஞ்சிட்டு. மத்தது என்னோடது" என்றாள். "பொம்பளைப் பிள்ளை விட்டதை ஒரு பொம்பளை முடிக்கட்டும்."

அடுத்த வியாழக்கிழமை அவள் விடிவதற்கு முன் எழுந்து சாப்பிட்டாள். பகலெல்லாம் வழக்கம்போல வீடு கூட்டி, துணி துவைத்து, புருஷனுக்குச் சமைத்துப் போட்டாள். ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. சாயங்காலம் காஜாவும் சபுராவும் கஞ்சியோடு வந்தார்கள். நீங்கள் இருந்தால் அது அந்தப் பிள்ளை கணக்கில் சேருமா என்று தனக்குத் தெரியவில்லை, பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டு வரட்டுமா என்று காஜா தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"கேக்க வேண்டாம் அண்ணாச்சி" என்றாள் உலகாம்பாள். "சேந்தா சேரட்டும். அவளால எம்புருஷன் எங்கூட இருக்காரு. அதுக்கு ஒரு நாளு நான் தண்ணி குடிக்காம இருக்கக் கூடாதா?"

தூரத்தில் பாங்கு ஒலித்தது. சபுரா பேரீச்சம்பழத்தை நீட்டினார். உலகாம்பாள் அதைத் தின்று, பாதி டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, மிச்சத்தைப் புருஷனிடம் நீட்டினாள். குற்றாலிங்கத்துக்கு அப்போது தாகமே இல்லை. இருந்தும் இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தார்.